பெங்களூரு–சென்னை சாலையில் மின்கார்: ரேஞ்சை விடுங்கள், வாட்-அவரைப் பாருங்கள்

விளம்பரத்தில் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) என்று போட்டிருக்கும் 450 கிலோமீட்டரை நம்பிச் சென்னைக்குக் கிளம்பாதீர்கள். அது எம்ஐடிசி என்ற இந்தியச் சோதனை முறையில், ஆய்வகத்தில் வரும் எண். அந்தச் சோதனையில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். ஏசி ஓடாது, மேடும் கிடையாது.

கையில் இருக்கவேண்டிய எண் வேறு: உங்கள் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-அவர் குடிக்கிறது? டிஸ்ப்ளேயில் ஒரு யூனிட்டுக்கு (1000 வாட்-அவர், அதாவது 1 கிலோவாட்-அவர்) இத்தனை கிலோமீட்டர் என்று காட்டினால் 1000ஐ அதால் வகுத்துக்கொள்ளுங்கள். 7 என்றால் 143. பேட்டரி 40 யூனிட் என்றால் 1 சதவீதம் என்பது 400 வாட்-அவர். 140 குடிக்கும் வண்டிக்கு அது 2.86 கிலோமீட்டர். 90 சதவீதத்திலிருந்து 15 வரை ஓட்டினால் சுமார் 210 கி.மீ. நெடுஞ்சாலையில் திட்டம் போட இதுதான் உதவும். திரையில் தெரியும் மீதி ரேஞ்ச், கொஞ்ச நேரம் முன்பு நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். ஊருக்குள் ஊர்ந்துவிட்டு அத்திப்பள்ளி தாண்டி வேகம் எடுத்ததும் அது சரசரவென இறங்கும்.

ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ வரும் சிறிய எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம். 80ல் போனால் காற்றைத் தள்ள மட்டும் கி.மீ.க்கு 60 வாட்-அவரை ஒட்டிச் செலவாகும். 100ல் அதுவே கிட்டத்தட்ட 100. டயர் உருள ஏறக்குறைய 45, அது வேகத்தால் பெரிதாக மாறாது. மோட்டார், இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) இழப்பையும் சேர்த்தால் 80ல் 125, 100ல் 165. நூறு கிலோமீட்டருக்கு 4 யூனிட் வித்தியாசம். 30 கிலோவாட் சார்ஜரில் அதை ஏற்ற 8 நிமிஷம் ஆகும், வேகமாகப் போனதில் மிச்சம் 15 நிமிஷம். ஆக நேரக் கணக்கில் 100 தான் ஜெயிக்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் சார்ஜர் வேலை செய்யாவிட்டால், அடுத்ததுவரை கொண்டுசேர்ப்பது அந்த 4 யூனிட்தான். சார்ஜர் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் வேகம் எடுங்கள், இல்லாத இடத்தில் 80 போதும்.

ஏசி இதற்கு நேர்மாறு. அது கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, மணியைத்தான் பார்க்கும். 1 கிலோவாட் இழுக்கும் ஏசி, பெங்களூரில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு பக்கம் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊரும்போது கி.மீ.க்கு 67 வாட்-அவர் தின்னும். நெடுஞ்சாலையில் 80ல் அது வெறும் 12 சொச்சம். அங்கே ஏசியை அணைத்து வேர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பலரும் மறப்பது ஏற்றத்தை. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இந்த வண்டியை அவ்வளவு உயரம் தூக்க 4 யூனிட்டுக்கு மேல் வேண்டும். சென்னைக்குப் போகும்போது அது லாபம். மெல்லிய இறக்கத்தில் ரீஜென்கூட (பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்புவது) தேவையில்லை, புவியீர்ப்பே மோட்டாரின் வேலையைச் செய்துவிடும். திரும்பும்போது கிருஷ்ணகிரி–ஓசூர் சுமார் 50 கி.மீ.யில் ஏறக்குறைய 400 மீட்டர் ஏறவேண்டும். 40 யூனிட் பேட்டரியில், 80ல் போனால், சமதளத்தில் 16 சதவீதம் இறங்கும் தூரத்துக்கு இங்கே 21 இறங்கும். ஓசூருக்கு அப்புறம் பெங்களூரு வரையும் ஓடவேண்டும். எனவே கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது 45 சதவீதமாவது இருக்கட்டும். குறைந்தால் ஆம்பூர், வாணியம்பாடி பக்கமே ஏற்றிக்கொள்ளுங்கள்.

டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், ஆறிய நிலையில் பாருங்கள். அளவு கதவோரம் ஒட்டியிருக்கும். டயர் மாற்றியதும் ரேஞ்ச் குறைந்தால் பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள். கம்பெனி போட்டுத் தருவது பெரும்பாலும் உருளும் தடை குறைந்த டயர், கடையில் வாங்கியது அப்படி இல்லாமல் இருக்கலாம்.

செலவுக் கணக்குக்கு மட்டும் டிஸ்ப்ளே எண்ணை எடுக்காதீர்கள். வீட்டில் ஏற்றும்போது பத்து சதவீதத்தை ஒட்டி வெப்பமாகப் போய்விடும். பேட்டரிக்குள் 40 யூனிட் சேர, பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) மீட்டரில் 44 ஓடியிருக்கும்.