ஒருவருக்கொருவர் பாடும் பாட்டு

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்குச் செல்லும் பேருந்தில் விடியற்காலையிலேயே ஏறினேன். புதிய எருசலேம் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை தொடங்கும் முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். அந்த ஊரின் கோட்டையையும் கடலையும் முன்பே பார்த்தவன் நான். இம்முறை போனது பாட்டைத் தேடி. அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகியிருந்தது. இரவுதோறும் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பாட்டைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். அவர் போன பிறகு ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேனே தவிர, தொண்டையிலிருந்து குரல் எழும்பியதில்லை.

1706 ஜூலை 9 அன்று, டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இந்தக் கரையில் இறங்கினார். சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார்; புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715க்குள் இங்கேயே அச்சிட்டு முடித்தார். அதே அக்கறையோடு ஜெர்மானிய ஞானப்பாட்டுகளையும் தமிழாக்கிச் சபையாரைப் பாடவைத்தார். சபை தன் சொந்த மொழியில் தானே வாய்திறந்து பாட வேண்டும் என்பது ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் வேரூன்றச் செய்த வழக்கம். அந்த மரபில் வளர்ந்தவருக்குப் பாட்டில்லாத சபை என்பது நினைத்துப் பார்க்கவே முடியாத ஒன்று. 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட இந்த ஆலயத்திலேயே, அடுத்த ஆண்டு, 36 வயதில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பீடத்துக்கு அருகிலுள்ள அந்தக் கல்லறையின் முன் சற்று நேரம் நின்றுவிட்டுப் பின்வரிசை ஒன்றில் அமர்ந்தேன்.

முதல் ஞானப்பாட்டு தொடங்கியது. எழுந்து நின்றேன்; என்னிடம் புத்தகம் இல்லை. பக்கத்திலிருந்த வயதான அம்மா ஒருவர், "புஸ்தகம் இல்லீங்களாய்யா? இந்தாங்க, எனக்கு மனப்பாடம்" என்று தம்முடையதைக் கையில் கொடுத்தார். ஓரங்கள் மடங்கி, எண்ணெய்க் கை பட்டுப் பழுத்துப்போன தாள்கள். அவர் புத்தகத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பீடத்தை நோக்கியபடி, சுருதி சற்று விலகினாலும் சொல் ஒன்றும் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். ஜெர்மானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு மெதுவாக, அசை அசையாக அடியெடுத்து நடக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சபையார் அனைவரும் ஒன்றாக நிறுத்தி, ஒன்றாக மூச்சை இழுத்து, அடுத்த வரியைத் தொடங்குவார்கள். அந்த மூச்சுச் சத்தம் அன்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் சரணம் முடியும்போது, நானும் அவர்களோடு சேர்ந்து மூச்சிழுத்துக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். மூன்றாம் சரணத்தில் என் குரல் வந்தது.

பாட முடியாதவனுக்காக மற்றவர்கள் பாடுவது எவ்வளவு பெரிய ஊழியம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொலோசெயருக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுல், "சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்து" என்கிறார். பாட்டு கர்த்தரை நோக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். அது 'ஒருவருக்கொருவர்' என்பதையும் அதே வசனம் சொல்கிறதே, அதை எத்தனை முறை வாசித்தும் கடந்து போயிருக்கிறேன். பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் பவுலும் சீலாவும் தேவனைத் துதித்துப் பாடினார்கள். காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விசுவாசம் தளர்ந்து நிற்பவனின் காதில் பக்கத்திலிருப்பவரின் விசுவாசம் வந்து விழ வேண்டும். தனியறை ஜெபத்தில் இது நடக்காது. அதற்காகத்தான் கூடிப் பாடுகிறோம் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே, மேடையில் நான்கைந்து பேர் ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துப் பாட, சபையார் தங்கள் குரலே தங்களுக்குக் கேட்காமல் நிற்கும் ஆராதனைகளைக் காணும்போது மனம் வேதனைப்படுகிறது. புதிய பாட்டு, புதிய கருவி என்பதற்காக அல்ல. பக்கத்திலிருப்பவரின் குரல் அங்கே தொலைந்துபோகிறது என்பதற்காக. "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாயால் தேவனே சொல்லியிருக்கிறார். நியாயத்தை மறந்துவிட்டுப் பண்டிகை கொண்டாடியவர்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. பாடும் எவரும் தம்மை நோக்கிச் சொல்லப்பட்டதாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

காணிக்கை நேரத்தில் கீர்த்தனை பாடினார்கள். தபலா சேர்ந்ததும் சபையின் முகமே மாறியது. ஜெர்மானிய மெட்டுக்குள் தமிழை அமர்த்தும்போது சில இடங்களில் குறில் நெடிலாக நீளும், சொல் நடுவில் முறியும்; பழகிய காதுக்கு அது குறையாகத் தெரியாது என்றாலும், குறை குறைதான். ராகமும் தாளமும் பல்லவி, அனுபல்லவி, சரணமுமாகச் சபைக்குக் கீர்த்தனைகளை வாரி வழங்கியவர், 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். சரணம் தெரியாதவர்கள்கூடப் பல்லவி திரும்பி வரும்போது சேர்ந்துகொள்ளலாம் என்பது கீர்த்தனையின் தனி இரக்கம். எனக்கு முன்வரிசையில் அப்பாவின் மடியிலிருந்த குழந்தை, பல்லவி வரும்போதெல்லாம் அதன் கடைசிச் சொல்லை மட்டும் உரக்கச் சொன்னது. நீண்டு நின்ற ஞானப்பாட்டு என்னைத் தாங்கிப் பிடித்தது. கீர்த்தனை அந்தக் குழந்தையைக் கைபிடித்து உள்ளே அழைத்தது. இரண்டில் எது சிறந்தது என்று வாதிடுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆராதனை முடிந்ததும் புத்தகத்தை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். "ஊருக்குப் போய்ப் பாடுங்கய்யா" என்றார். என் மௌனத்தை அவர் கவனித்திருக்க வேண்டும்.

திருச்சிக்குத் திரும்பும் வழியில் பேருந்து தஞ்சாவூரைக் கடந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அங்கே சிவகங்கைப் பூங்காவிலுள்ள ஆலயத்தில், சாஸ்திரியாரின் குருவான ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் மரணப்படுக்கையில் கிடப்பதையும், மன்னர் சரபோஜி அவர் கையைப் பிடித்து நிற்பதையும் காட்டும் பளிங்குச் சிற்பம் உண்டு, முன்பொருமுறை பார்த்திருக்கிறேன். ஐயர் மூச்சடங்கிவிட்டார் என்று எண்ணி அருகிலிருந்தவர்கள் அவருக்குப் பிரியமான ஞானப்பாட்டைப் பாட, அடுத்த சரணத்தை அவரும் சேர்ந்து பாடினார் என்று வழிவழியாகச் சொல்வதுண்டு.

வீடு சேர இரவு ஒன்பது மணியானது. பிள்ளைகள் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். அம்மாவின் பாட்டுப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். பாட்டைத் தொடங்கும்போது சுருதி மேலே போய்விட்டது. மகள் தாழ்த்திப் பிடித்தாள், நான் அவளோடு சேர்ந்துகொண்டேன்.