கீபோர்டும் என் கர்னலும்: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 4, ஞாயிறு

நெடுநாள் ஆசை ஒன்றை இன்று தொடங்கிவிட்டேன். டிஸ்ட்ரோ (லினக்ஸைத் தொகுத்துத் தரும் விநியோகம்) தரும் கர்னலை விட்டுவிட்டு, இந்த லாப்டாப்புக்கென்றே லினக்ஸ் கர்னலை, அதாவது கணினியின் கருவிகளையெல்லாம் ஆளும் மைய நிரலை, நானே கட்ட வேண்டும். பதிப்பு 6.12. கர்னலில் எதெது இருக்க வேண்டும் என்று சொல்லும் கன்ஃபிக் கோப்பு, டிஸ்ட்ரோவினுடையதில், ஆயிரக்கணக்கான வரிகள். எந்தக் கணினியில் போட்டாலும் ஓட வேண்டிய கர்னல் அது, அப்படித்தான் இருக்கும்.

சோபாவில் உட்கார்ந்து, மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு 'மேக் லோக்கல்மாட்கன்ஃபிக்' கொடுத்தேன். அந்த நிமிடத்தில் எந்தெந்த மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் கர்னல் துண்டுகள்) நினைவகத்தில் ஏறியிருக்கின்றனவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மாட்யூல்களையெல்லாம் அது அணைத்துவிடும். பட்டியல் வெகுவாகச் சுருங்கியது. அப்புறம் கன்ஃபிக்கை மெனுவாகக் காட்டும் மெனுகன்ஃபிக்கில் நுழைந்து கையாலும் சிலவற்றை எடுத்தேன். பின்கண்ட்ரோல் என்று ஒரு பகுதி இருந்தது. சின்ன எம்பெடட் போர்டுகளுக்கான சமாச்சாரம் என்று நினைத்து அதையும் அணைத்தேன்.

கம்பைல் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய கர்னலைப் பூட் மெனுவிலிருந்து அழிக்கவில்லை.

ஜனவரி 5, திங்கள்

மேசையில் லாப்டாப்பை மூடியே வைத்திருப்பேன். வெளித்திரை, யூஎஸ்பி கீபோர்டு, யூஎஸ்பி மவுஸ். புதுக் கர்னல் எழுந்து வந்தது. வட்டு என்கிரிப்ட் செய்யப்பட்டது என்பதால் கடவுச்சொல் கேட்டு நின்றது. தட்டினேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. நம் லாக் (Num Lock) விசையை அழுத்தினேன், விளக்கு எரியவில்லை.

அந்த விளக்கு சொல்வது நிறைய. நம் லாக்கை அழுத்தினால் கீபோர்டு தானாக விளக்கைப் போட்டுக்கொள்வதில்லை. விசை அழுந்திய செய்தி கர்னலுக்குப் போய், 'விளக்கைப் போடு' என்று கர்னல் திருப்பிச் சொன்ன பிறகுதான் எரியும். ஆக, கீபோர்டுக்கு மின்சாரம் வருகிறது, பேச மறுமுனையில் ஆள் இல்லை.

லாப்டாப்பைத் திறந்து அதன் சொந்தக் கீபோர்டில் தட்டினேன், உடனே ஏற்றுக்கொண்டது.

ஜனவரி 6, செவ்வாய்

காரணம் தெரிந்தது. ஞாயிறன்று பூட் செய்ததிலிருந்து யூஎஸ்பி கீபோர்டைச் செருகவே இல்லை. அதனால் யூஎஸ்பி எச்ஐடி (கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான டிரைவர்) மாட்யூல் ஏறியிருக்கவில்லை. ஏறாததை லோக்கல்மாட்கன்ஃபிக் தூக்கிவிட்டது. உள்கீபோர்டு வேறு வழியில் வருகிறது: ஐ8042 என்ற பழைய கட்டுப்படுத்தி, அதன் மேல் ஏடிகேபிடி டிரைவர். என் கன்ஃபிக்கில் அவை இரண்டும் கர்னலுக்குள்ளேயே இருந்தன.

சரி, மாட்யூலாகச் சேர்த்துக் கட்டினேன். டெஸ்க்டாப் வந்த பிறகு கீபோர்டு வேலை செய்தது, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் மட்டும் பழைய கதைதான். கடவுச்சொல் கேட்கும்போது வட்டு இன்னும் பூட்டியே இருக்கிறது. மாட்யூல்களோ அந்த வட்டுக்குள். அதற்கு முன் கர்னலுக்குக் கிடைப்பது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன மூட்டை மட்டும்தான், என் மூட்டையில் இந்த மாட்யூல் இல்லை. மூட்டையில் சேர்த்தும் சரிசெய்யலாம். ஆனால் கடவுச்சொல் தட்டும் கருவி கர்னலுக்குள்ளேயே இருக்கட்டும் என்பது என் கட்சி.

மெனுகன்ஃபிக்கில் 'ஒய்' என்றால் கர்னலுக்குள்ளேயே, 'எம்' என்றால் மாட்யூலாக. யூஎஸ்பி எச்ஐடி மேல் 'ஒய்' அழுத்தினேன். 'எம்' என்றே நின்றது, அசையவில்லை. அதற்கு அடியில் இருக்கும் எச்ஐடி மையப்பகுதி 'எம்' ஆக இருந்ததுதான் காரணம். கீழே இருப்பது மாட்யூலாக இருந்தால் மேலே இருப்பதை உள்ளே கட்ட முடியாது. அதே தர்க்கம் இன்னும் கீழேயும் போகிறது. யூஎஸ்பி எச்ஐடி உள்ளே இருந்தும் போர்ட்டை இயக்கும் எக்ஸ்எச்சிஐ வெளியே இருந்தால் என்ன பயன்? கடைசியில் யூஎஸ்பி மையம், எக்ஸ்எச்சிஐ, அதன் பிசிஐ பகுதி, எச்ஐடி மையம், எச்ஐடி ஜெனரிக், யூஎஸ்பி எச்ஐடி, ஆறையும் 'ஒய்' ஆக்கினேன்.

இரவு 11 மணிக்கு நம் லாக் விளக்கு எரிந்தது. எழுந்து நின்றே விட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

நேரமில்லை. மெனுகன்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தினால் தேடலாம் என்பதையும், தேடல் முடிவிலேயே 'எதைச் சார்ந்தது' என்ற வரி வரும் என்பதையும் குறித்து வைக்கிறேன். செவ்வாயன்று அந்த வரியை முதலில் படித்திருந்தால் ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

ஜனவரி 10, சனி

இன்று எதையும் சரிசெய்யவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த ஒரு வாரத்தில் மிகவும் பிடித்த நாள் இதுவாகத்தான் இருக்கும்.

கீபோர்டிலிருந்து கர்னல் பெறும் நிகழ்வுகளைக் காட்டும் எவ்டெஸ்ட் என்ற சின்னக் கருவியை ஓடவிட்டு, யூஎஸ்பி கீபோர்டில் 'ஏ' விசையை ஒருமுறை அழுத்தினேன். மூன்று நிகழ்வுகள் வந்தன. முதலாவது ஸ்கேன் மதிப்பு, 70004. இரண்டாவது விசை நிகழ்வு, குறியீடு 30, மதிப்பு 1. மூன்றாவது, 'இந்தச் செய்தி இத்தோடு முடிந்தது' என்று சொல்லும் சின்க். விரலை எடுத்ததும் இன்னொரு மூன்று, இப்போது மதிப்பு 0. அழுத்தியபடியே வைத்திருந்தால் மதிப்பு 2 வரிசையாக வருகிறது.

அதே விசையை லாப்டாப்பின் உள்கீபோர்டில் அழுத்தினேன். ஸ்கேன் மதிப்பு இப்போது 1ஈ (1E). விசைக் குறியீடு அதே 30.

70004 என்பது எச்ஐடி மொழி: பக்கம் 7, அதில் 4ஆம் விசை. 1ஈ என்பது பழைய ஏடி கீபோர்டுகளின் மொழி. பதினாறடிமானத்தில் 1ஈ என்றால் தசமத்தில் 30, கர்னல் இந்த எண்ணை எங்கிருந்து எடுத்துக்கொண்டது என்பதும் அதில் தெரிகிறது. இரண்டு கீபோர்டுகள் இரண்டு மொழியில் பேசுகின்றன, கர்னலின் இன்புட் அடுக்கைத் தாண்டும்போது இரண்டும் 30 ஆகிவிடுகின்றன. அந்த 30ஐ 'ஏ' என்று எழுதுவதா, தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் 'அ' என்று எழுதுவதா என்பது அதற்கும் மேலே இருப்பவர்கள் பாடு. கர்னலுக்கு எழுத்தே தெரியாது.

64 பிட் கணினியில் ஒவ்வொரு நிகழ்வும் 24 பைட்: நேரத்துக்கு 16, வகைக்கு 2, குறியீட்டுக்கு 2, மதிப்புக்கு 4. ஆக ஒரு 'அ'வை அழுத்தி எடுக்க ஆறு நிகழ்வுகள், 144 பைட். கோப்பிலிருந்து நேராகப் படித்து எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியாக இருந்தது.

மூலநிரலில் இன்புட் கோப்பைத் திறந்தால் மேலே 1999–2002 என்ற ஆண்டுகளோடு வோய்டெக் பாவ்லிக் பெயர் இருக்கிறது. எந்தக் கருவி வந்தாலும் ஒரே பொதுமொழி என்ற அந்த ஏற்பாடு இன்றும் நிற்கிறது. அவருக்கு மனமார நன்றி சொல்லத் தோன்றியது.

ஜனவரி 11, ஞாயிறு

ஒரு பரிசோதனை. எவ்டெவ் என்ற ஒன்றை மட்டும் அணைத்து, வெர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) ஓட்டினேன். கறுப்புத் திரைக் கன்சோலில் கீபோர்டு நன்றாக வேலை செய்தது. வரைகலைத் திரையைத் தொடங்கியதும் கீபோர்டும் இல்லை, மவுஸும் இல்லை.

விடை ப்ராக் கோப்பகத்தில் இன்புட் கருவிகளின் பட்டியலில் இருக்கிறது. கீபோர்டுக்கு எதிரே 'ஹேண்ட்லர்ஸ்' என்ற வரி: சிஸ்ஆர்க்யூ, கேபிடி, ஈவென்ட்3, லெட்ஸ். ஒரே விசைச் செய்தியைப் பலர் தனித்தனியாகக் கேட்கிறார்கள். கன்சோலுக்குக் கேபிடி போதும். வரைகலைத் திரை லிப்இன்புட் என்ற நிரல் நூலகம் வழியாக ஈவென்ட் கோப்புகளைத்தான் படிக்கிறது, அந்தக் கோப்புகளைத் தருவது எவ்டெவ். உறைந்துபோன அந்தத் திரையிலும் ஆல்ட்டோடு சிஸ்ஆர்க்யூவை (கர்னலுக்கே நேராகக் கட்டளை தரும் அவசர விசை) பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று அழுத்தினால் மெஷின் ஒழுங்காக மறுபூட் ஆனது. சிஸ்ஆர்க்யூ தனி ஹேண்ட்லர் அல்லவா, அதற்கு எவ்டெவ் தேவையில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

லாப்டாப்பை மடியில் வைத்தபோதுதான் கவனித்தேன், டச்பேட் செத்துக் கிடக்கிறது. மவுஸ் இருந்ததால் ஒரு வாரம் தெரியவே இல்லை.

இன்புட் பட்டியலில் டச்பேட் பெயரே இல்லை. டச்பேட் இணைந்திருப்பது ஐ2சி என்ற பஸ்ஸில் (சிப்களுக்கு இடையேயான தகவல் இணைப்பு), அந்த ஐ2சி கருவிகளின் கோப்பகத்தில் பெயர் இருக்கிறது. ஐ2சி எச்ஐடி மாட்யூலும் ஏறியிருக்கிறது. பஸ் சரி, டிரைவர் சரி, இரண்டுக்கும் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. டீபக் கோப்பகத்தில் 'டிவைசஸ் டிஃபர்ட்' என்ற கோப்பைப் பார்த்தேன். இன்னும் வராத ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கும் கருவிகளின் பட்டியல் அது. டச்பேட் பெயர் அங்கே இருந்தது.

எதற்காகக் காத்திருக்கிறது? விரல் பட்டதும் 'என்னைப் படி' என்று சொல்ல டச்பேடுக்கு ஒரு இன்டரப்ட் கம்பி வேண்டும். இந்த லாப்டாப்பில் அந்தக் கம்பி ஒரு ஜிபிஐஓ பின்னில் (சிப்பின் பொதுப்பயன் கால்) முடிகிறது. அந்தப் பின்னை ஆள்வது பின்கண்ட்ரோல் டிரைவர், ஜனவரி 4 அன்று நான் அணைத்த அதே பகுதி. செயலிக் குடும்பத்துக்கு ஒன்று என்று இந்த டிரைவர்கள் தனித்தனியாக இருக்கின்றன. டச்பேட் டிரைவர் இதைக் கட்டாயச் சார்பாகக் கேட்பதும் இல்லை, அதனால் கன்ஃபிக் எச்சரிக்கவில்லை.

என் செயலிக்குரியதைப் போட்டேன். இரு விரல் ஸ்க்ரோலும் திரும்பியது. அதற்கு எச்ஐடி மல்டிடச் வேண்டும், நல்லவேளை அது கன்ஃபிக்கில் தங்கியிருந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

எல்லாவற்றையும் செருகிக்கொண்டு லோக்கல்மாட்கன்ஃபிக்கை முதலிலிருந்து ஓட்டினேன்: கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், பென் டிரைவ். முன்பு 'ஒய்' ஆக்கிய ஆறும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கன்ஃபிக் கோப்பைக் கர்னலுக்குள்ளேயே வைக்கும் விருப்பத்தையும் இயக்கினேன். இனி ஓடும் கர்னலிடமே அதன் கன்ஃபிக்கைக் கேட்டுக்கொள்ளலாம்.

லாப்டாப்பை மூடிவைத்துப் பூட் செய்து, கடவுச்சொல்லை யூஎஸ்பி கீபோர்டிலேயே தட்டி உள்ளே வந்தேன். கேம்பேட் இன்னும் பாக்கி. கேம்பேடுக்கான எக்ஸ்பேட் டிரைவரும் எவ்டெவும் போதுமா, ஜாய்ஸ்டிக்குகளுக்கான பழைய ஜாய்டெவும் வேண்டுமா என்று நாளை பார்க்க வேண்டும்.