கார்பன் டை ஆக்சைடில் வினையூக்கம்: அழுத்தத்தைவிட அடர்த்தியைப் பாருங்கள்

டொலுயீன், டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்களை விட்டுவிட்டு, அழுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடைக் கரைப்பானாகக் கொண்டு வினையூக்கம் செய்யத் தொடங்கும்போது வினை நடக்கவில்லையென்றால், பழி முதலில் வினையூக்கிமேல்தான் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு வேறிடத்தில் இருக்கும்: கலனுக்குள் எத்தனை அடுக்குகள் உள்ளன, எது எதில் கரைந்திருக்கிறது என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி செல்சியஸ், 73.8 பார் (அழுத்த அலகு) இரண்டையும் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆனால் கரைக்கும் திறனைத் தீர்மானிப்பது அடர்த்தி. 40 டிகிரியில், 80 பாரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 0.28 கிராம், 100 பாரில் 0.63. அதே 100 பாரில் வெப்பத்தை 60 டிகிரிக்கு ஏற்றினால் 0.29க்கு இறங்கிவிடும். தொடர் ஓட்டக் கலனில் வினையை வேகப்படுத்த வெப்பத்தை மட்டும் கூட்டினால், கரைப்பானின் பாதி வலிமை போய்விடும்.

மூடிய கலனில் நிலைமை வேறு. அங்கே அடர்த்தி மாறாது, அழுத்தம் ஏறும். அதனால் கலனை எடைபோட்டே நிரப்ப வேண்டும். 100 மில்லிலிட்டர் காலியிடத்துக்கு 63 கிராம் ஏற்றினால் 40 டிகிரியில் 100 பார், 60 டிகிரியில் 150 பாருக்கும் மேல். 20 டிகிரியில் திரவத்தால் முழுக்க நிரப்பிவிட்டு 60க்குச் சூடாக்கினால் 200 பாரைத் தாண்டும். அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வாயுவை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடு உடைவது பெரும்பாலும் இப்படித்தான். வினைபொருளும் கலக்கியும் அடைக்கும் இடத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள்.

சிலிண்டர், அடியிலிருந்து திரவத்தை எடுக்கும் அடிக்குழாய் உள்ளதாக இருக்கவேண்டும். பம்பின் தலைப்பகுதியைச் சுழிய டிகிரிக்கு அருகே குளிர்விக்க வேண்டும். இல்லையேல் உள்ளே வாயு உருவாகி, பம்பு ஓடும், ஓட்டம் வராது. ஹைட்ரஜனேற்றத்தில், அதாவது ஒரு பொருளோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் வினையில், ஹைட்ரஜனை முதலில் ஏற்றுவது நல்லது. அதன் அளவை அழுத்தமானியிலேயே நேராகப் படித்துக்கொள்ளலாம்.

ஹைட்ரஜன்தான் இந்த முறையின் பெரிய பலம். சாதாரணக் கரைப்பானில் அது மிகக் குறைவாகவே கரையும். இங்கே முழுமையாகக் கலந்துவிடும். 1994-இல் ஜெஸ்ஸப், இகாரியா, நொயோரி ஆகியோர் ருத்தேனியம் வினையூக்கியால் கார்பன் டை ஆக்சைடையே ஃபார்மிக் அமிலமாக்கியபோது, டிரைமெத்தில்பாஸ்பீன் ஈனியை (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) பயன்படுத்தினார்கள். டிரைபீனைல்பாஸ்பீன் ஈனி பிணைந்த உலோக அணைவுகள் இதில் சரியாகக் கரைவதில்லை. ஃபுளூரின் சங்கிலி கோத்தால் கரையும். ஆனால் சூழலில் சிதையாமல் தங்கும் அந்தச் சங்கிலிகளைச் சேர்த்துவிட்டுப் பசுமை வேதியியல் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. திண்ம வினையூக்கி போதுமென்றால் அதையே எடுப்பேன்.

இந்தக் கரைப்பான் மந்தமானதும் அல்ல. பல்லேடியம், பிளாட்டினம்மீது ஹைட்ரஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடைத் தரக்கூடும். அது வினையூக்கியை நஞ்சாக்கும். முதல்நிலை, இரண்டாம்நிலை அமீன்கள் கார்பமேட்டாகி வெண்திண்மமாகப் படியும். நீர் இருந்தால் அதன் அமிலத்தன்மை பிஹெச் 3க்கு அருகே வரும். வினை முன்னேறும்போது விளைபொருள் தனி அடுக்காகப் பிரிவதும் உண்டு. நீலக்கல் சன்னல் வைத்த கலன் விலை அதிகம்தான், ஆனால் அதில் ஒருமுறை பார்த்தாலே பல வாரக் குழப்பம் தீரும்.

இங்கிலாந்தின் கான்செட்டில் 2002-இல் தொடங்கிய ஆலை, ஐசோஃபோரோனை டிரைமெத்தில்சைக்ளோஹெக்சனோனாக மாற்றியது. ஆண்டுக்கு ஆயிரம் டன் வரை திறன். மிகையாக ஹைட்ரஜனேறிய பொருள்களைக் காய்ச்சி வடித்துப் பிரிப்பது கடினம். அவை உருவாகாமலே தடுத்ததுதான் அங்கே கிடைத்த ஆதாயம். அப்படியொரு ஆதாயம் இல்லாத இடத்தில் அழுத்தும் மின்சாரச் செலவு கணக்கைக் கவிழ்த்துவிடும். வாயுவை வெளியே விடாமல், அழுத்தத்தைக் கொஞ்சம் மட்டும் குறைத்துப் பொருளைப் பிரித்து மறுசுழற்சி செய்யவேண்டும். மெத்தனால் போன்ற திரவத்தில் 30 முதல் 80 பார் வரை கார்பன் டை ஆக்சைடை ஏற்றி விரிவடையச் செய்யும் முறை பல வினைகளுக்குப் போதும்.

அழுத்தத்தை மெல்ல இறக்குங்கள். வேகமாகத் திறந்தால் வால்வில் உலர்பனி அடைக்கும், விளைபொருளும் வாயுவோடு போகும். வால்வைச் சூடாக வைத்து, பின்னால் விளைபொருளைக் குளிர்வித்துப் பிடிக்கும் குளிர்பொறி இணைப்பது வழக்கம். கசிவைத் தடுக்கும் வைட்டான் ரப்பர் வளையங்கள் (ஓ-ரிங்) வாயுவை உறிஞ்சி, இறக்கும்போது உள்ளே வெடித்துக் கொப்பளிக்கும். இபிடிஎம் வகை ரப்பர் தாங்கும், அதற்கு எண்ணெய்தான் ஆகாது. கசிந்த வாயு தரையோரம் தேங்கும் என்பதால் எச்சரிக்கைக் கருவியின் உணரியைத் தாழ்வாகப் பொருத்துங்கள். எட்டு மணி நேரப் பணிக்கான வரம்பு பத்து லட்சத்தில் 5,000 பங்கு.