அரை சென்டிமீட்டரில் கோட்டைவிட்ட ஜாக்கி

என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கில் ஹேண்டில் நேராக வரும்போது 'டக்' என்று ஓர் இடத்தில் போய் உட்கார ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங், அதாவது கோன் செட் போயிருக்கும். 2014 வண்டி, பல்லாவரத்துப் பள்ளங்கள், போகாமல் என்ன செய்யும்? மெக்கானிக் அண்ணன் "அடுத்த வாரம் கொண்டாங்க" என்பதையே நான்கு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, நாமே பிரித்துவிடலாம் என்று இறங்கினேன்.

சென்டர் ஸ்டாண்டு பின்சக்கரத்தைத்தான் தூக்கும். கோன் செட் மாற்ற முன்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஃபோர்க்கையும் கழற்ற வேண்டும், அதற்கு முன்பக்கம் தூக்க ஒரு ஜாக்கி வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்குத்தான் ஐந்து வாரம் அலைந்தேன்.

முதலில் செய்தது சுத்த முட்டாள்தனம். கார் டிக்கியில் கிடந்த ஜாக்கியை எடுத்து, மேலே ஒரு மரத்துண்டை வைத்து எஞ்சினுக்கு அடியில் கொடுத்தேன். கார் ஜாக்கியின் தலை உள்ளங்கை அகலம்கூட இருக்காது. எங்கள் போர்ட்டிகோவில் டைல்ஸ் வேறு, மழைத்தண்ணீர் ஓட வாசல் பக்கம் சரிவும் உண்டு. நாலு சுற்றுதான் சுற்றியிருப்பேன். ஜாக்கி டைல்ஸில் வழுக்கியது, மரத்துண்டு பறந்தது, வண்டி இடதுபக்கம் சாய்ந்தது. நல்லவேளையாக மச்சான் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். போனைக் கீழே போட்டுவிட்டு வண்டியைப் பிடித்தான். போன் கண்ணாடி மாற்றிய காசு இந்தக் கணக்கில் சேராது.

அப்புறம்தான் ஆன்லைனில் தேடினேன். எல்லா விற்பனையாளரும் ஒரே விஷயத்தைத்தான் கத்துகிறார்கள்: 500 கிலோ தாங்கும், 600 கிலோ தாங்கும். என் வண்டியே மொத்தம் 190 கிலோ சொச்சம். அதிலும் பாதிக்கு மேல் சென்டர் ஸ்டாண்டுதான் தாங்கப்போகிறது. அந்த 500 கிலோவில் மயங்கி, அகலமான மேடை வைத்த கத்தரி ஜாக்கி ஒன்றை ஆர்டர் செய்தேன். 'குறைந்தபட்ச உயரம் 13 சென்டிமீட்டர்' என்று போட்டிருந்தது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு எஞ்சின் அடிக்கும் தரைக்கும் டேப் பிடித்தால் பதினைந்தரை வந்தது. தாராளமாக நுழையும் என்று நம்பினேன்.

வந்ததும் அளந்தேன். முழுசாக இறக்கியும் பதினாறு. விளம்பரத்தில் போட்டிருந்தது மேலே ஒட்டும் ரப்பர் பட்டையையும் கீழே மாட்டும் கால்களையும் கழித்த உயரம்! அரை சென்டிமீட்டரில் கோட்டை விட்டேன். ரப்பரைப் பிய்த்துவிட்டு நுழைக்கலாமே என்று மச்சான் சொன்னான். இரும்பு மேடையை எஞ்சினின் அலுமினிய அடிக்கூட்டில் (கிராங்க் கேஸில்) நேராக முட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

திருப்பி அனுப்புவது இன்னொரு கூத்து. மூன்று முறை பிக்கப் ரத்து. முதல் தடவை 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று மெசேஜ் வந்தது, நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது தடவை வந்த தம்பி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இதை பைக்ல எப்படி சார் கொண்டு போறது?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். மூன்றாவது முறை பெட்டி கிழிந்திருக்கிறதாம். பிரிக்கும்போது போன் கேமராவை ஓடவிட்டதும் பெட்டியைத் தூக்கி எறியாததும்தான் கடைசியில் காப்பாற்றியது. இரும்புச் சாமான் ஆன்லைனில் வாங்கினால் இரண்டையும் மறக்காதீர்கள்.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். ஒரு கடையில் நான் பேசி முடிப்பதற்குள் பின்சக்கரத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டை எடுத்து வைத்துவிட்டார்கள். "அண்ணா, சென்டர் ஸ்டாண்டு இருக்கு, முன்பக்கம்தான் தூக்கணும்" என்றேன். முன்பக்க ஸ்டாண்டு வந்தது. அது ஃபோர்க்கின் அடியைப் பிடித்துத் தூக்குவது. டயர் மாற்ற நல்ல சாமான். நான் கழற்றப்போவதே ஃபோர்க்கைத்தானே! கழற்றும் பொருளின் மேலேயே வண்டியை நிறுத்த முடியுமா? கடைக்காரருக்கு இது புரிய பத்து நிமிடம் ஆயிற்று, புரிந்ததும் கோபம் வந்துவிட்டது.

அன்று ராத்திரிதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு கை நீட்டிய ஹைட்ராலிக் ஜாக்கியால் அலேக்காகத் தூக்குகிறார்களே, அந்த வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் இரண்டு ஃபிரேம் பைப் ஓடும். என் வண்டியில் முன்னால் இறங்கும் ஒற்றைப் பைப் எஞ்சினோடு முடிந்துவிடுகிறது. எஞ்சினே ஃபிரேமில் ஒரு துண்டு. எந்த ஜாக்கி வாங்கினாலும் அது எஞ்சின் அடியில்தான் உட்கார வேண்டும், அதுவும் ஆயில் டிரெயின் போல்ட்டிலும் ஸ்ட்ரெய்னர் மூடியிலும் படாமல். வலதுபக்கம் சைலன்ஸர் பெண்ட் பைப் மறிக்கிறது. அதனால் ஜாக்கியில் ஸ்பேனர் போட்டுத் திருகும் தலை இடதுபக்கம்தான் வர வேண்டும். ஹைட்ராலிக்கும் எனக்கு ஆகாது. வேலை பாதியில் நின்றால் வண்டி இரண்டு நாள் ஜாக்கியிலேயே நிற்கும், சீல் கசிந்தால் மெல்ல இறங்கிவிடும். இறங்காமல் பூட்டும் பின் இருந்தால் யோசிக்கலாம். திருகு ஜாக்கியில் அந்தப் பயம் இல்லை.

இவ்வளவும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு பீச் ரயில் ஏறினேன். பாரிமுனைக்குப் போய்ப் பார்த்தால் எல்லாக் கடையும் ஷட்டர். அன்று ஞாயிற்றுக்கிழமை! சென்னையில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா இது?

அடுத்த சனிக்கிழமை டேப்போடு போனேன். மூன்றாவது கடைப் பெரியவர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "அளந்துட்டு வந்திருக்கியா, அப்ப சரி" என்று பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். ரப்பரோடு சேர்த்து பதினொன்றரை. முழுசாக ஏற்றி மேடையை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். சும்மா வைத்துப் பார்த்தால் எல்லாம் கெட்டியாகத்தான் தெரியும், உயரத்தில்தான் ஆட்டம் தெரியும். 4,300 ரூபாய். அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் பல்லாவரம் வந்து சேர்ந்தேன்.

கோன் செட் மாற்றியது ஒரு மதிய வேலை. தூக்குவதில்தான் கவனம் தேவை. ஆக்ஸில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே இளக்கிவிடுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியில் நீள ஸ்பேனர் போட்டு மிதிக்கவே கூடாது. முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிற்கட்டும். சென்டர் ஸ்டாண்டு மடியாமல் அதைக் கயிற்றால் முன் பைப்போடு இழுத்துக் கட்டினேன். டைல்ஸில் வழுக்காமல் ஜாக்கிக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகை.

ஐந்து சுற்றில் முன்சக்கரம் தரையை விட்டது. ஒரு விரலால் ஹேண்டிலைத் தள்ளினேன். நடுவில் வந்து 'டக்'கென்று நின்றது. பழைய கோன் செட்டின் கப்பை வெளியே எடுத்தபோது குண்டுகள் பதிந்த பள்ளம் வரிசையாக இருந்தது, நகத்தால் தடவினாலே தெரிந்தது.

ரீஃபண்ட் ஆறு நாள் கழித்து வந்தது. போன வாரம் மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். வண்டியைப் பார்க்க இல்லை, ஜாக்கியை இரண்டு நாள் இரவல் கேட்க. கொடுத்திருக்கிறேன், இன்னும் திரும்பவில்லை.