வலிக்கவில்லை என்பதற்காகக் குழந்தையின் தாடை மூட்டை விட்டுவிடாதீர்கள்

கை கால் எலும்புகளில் வளர்ச்சிக் குருத்தெலும்பு மூட்டின் மேற்பரப்பிலிருந்து சற்றுத் தள்ளி, எலும்புக்குள் பொதிந்திருக்கும். கீழ்த்தாடையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. காதுக்கு முன்னால் அசையும் காண்டைலின் (கீழ்த்தாடை எலும்பின் மேல்முனைக் குமிழ்) தலையில், மேற்பரப்பை ஒட்டியே வளர்ச்சிப் படலம் இருக்கிறது. அதனால் சிறார் மூட்டுவாதம் தாடை மூட்டைத் தொட்டால் முகத்தின் வளர்ச்சியும் சேர்ந்தே அடிபடும்.

முழங்கால் வீங்கினால் வீட்டிலேயே தெரிந்துவிடும். தாடை மூட்டில் பெரும்பாலும் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. வாயைத் திறக்கும்போது முகவாய் ஒரு பக்கம் இழுப்பதும், முன்பைவிடக் குறைவாக வாய் திறப்பதும்தான் கண்ணில் படும் தடயங்கள். வாயை முழுதாகத் திறக்கவைத்து, மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் இடையிலான தூரத்தை ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்து அளந்து குறித்துவையுங்கள். ஒரு தடவை எடுத்த அளவைவிட, அது குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் முக்கியம்.

ஒரு பக்க மூட்டு மட்டும் பாதிக்கப்பட்டால் அந்தப் பக்க ரேமஸ் (தாடைக் கோணத்திலிருந்து காண்டைல் வரை மேலேறும் எலும்புப் பகுதி) குட்டையாகி, முகவாய் அதே பக்கம் சாயும். மேல்தாடைப் பற்களும் அங்கே போதுமான அளவு கீழிறங்காததால், பற்கள் கடிக்கும் தளமே சரிந்துவிடும். இரண்டு பக்கமும் பாதித்தால் முகவாய் பின்வாங்கி, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தாடைக் கோணத்துக்குச் சற்று முன்னால் கீழ்விளிம்பு ஆழமாகக் குழிந்திருக்கும். முகவாய் எதிர்ப்பக்கம் தள்ளிப்போயிருந்தால் விஷயம் வேறு: அது ஒரு காண்டைல் அளவுக்கு மீறி வளர்வதாக இருக்கலாம். அதன் வளர்ச்சி இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க ஸ்பெக்ட் (எலும்பு எங்கே சுறுசுறுப்பாக வளர்கிறது என்று காட்டும் கதிரியக்க ஸ்கேன்) உதவும்.

ஓ.பி.ஜி. (இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) எல்லா ஊரிலும் கிடைக்கிறது, செலவும் குறைவு. ஆனால் ‘ஓ.பி.ஜி. நார்மல்’ என்ற ஒரு வரியை நம்பி நிறுத்திவிடுவது தவறு. காண்டைல் தட்டையானது அதில் தெரியும்போது பாதிப்பு பழையதாகியிருக்கும். படம் எடுக்கையில் தலை லேசாகத் திரும்பியிருந்தாலே இரண்டு ரேமஸும் வேறு வேறு அளவாகத் தெரியும்.

எலும்பு அரிப்பையும் இரு பக்க உயர வித்தியாசத்தையும் சி.பி.சி.டி. (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.டி. ஸ்கேன்) நன்றாகக் காட்டும். டிஸ்க்கையோ (மூட்டின் இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு) மூட்டு உறையின் அழற்சியையோ காட்டாது. வளரும் வயதில் காண்டைலின் வெளி ஓடு முழுதாக இறுகியிருக்காது. பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோதான் அது தெளிவான வெள்ளைக் கோடாகும். பன்னிரண்டு வயதுக் குழந்தையின் மங்கலான விளிம்பை அரிப்பு என்று எழுதிவிடக் கூடாது.

அழற்சியைக் காலத்தில் பிடிக்க எம்.ஆர்.ஐ.தான் வழி, அதுவும் கான்ட்ராஸ்ட்டோடு (அழற்சியை ஒளிரக் காட்ட நரம்பில் ஏற்றும் மருந்து). மூட்டின் மேல் வைக்கும் சிறிய காயில் (சிக்னலை வாங்கும் கருவி), 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகள், காண்டைலின் நீள அச்சுக்குச் செங்குத்தாகச் சாய்த்த சஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்ற வெட்டு), அச்சை ஒட்டிய கொரோனல் (முன்புறத் தோற்ற வெட்டு) ஆகியவை வேண்டும். டிஸ்க்கின் இடத்தைப் பார்க்க வாய் மூடியும் திறந்தும் எடுக்க வேண்டும். திறந்த நிலைக்குப் பற்களுக்கிடையே பைட் பிளாக் (வாயைத் திறந்தபடி வைக்கும் கட்டை) வையுங்கள். இல்லாவிட்டால் குழந்தை அசைந்து படம் கலங்கிவிடும். கான்ட்ராஸ்ட் மருந்தான கேடோலினியம் ஏற்றியதும் ஃபேட்-சாட் டி1 படங்களை (கொழுப்பின் ஒளிர்வை அடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படங்கள்) உடனே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மருந்து மூட்டு உறையிலிருந்து மூட்டுக்குள் இருக்கும் நீருக்குள் கசிந்து, தடித்த உறை எது, தேங்கிய நீர் எது என்று பிரிக்க முடியாமல் போகும். அதே சமயம், ஆரோக்கியமான குழந்தையின் மூட்டிலும் துளி நீரும் மெல்லிய ஒளிர்வும் இருக்கும். அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லி மருந்தைக் கூட்டக் கூடாது. பல்லில் ஸ்டீல் கிளிப் இருந்தால் படம் கெடலாம். ஸ்கேனுக்கு முன் கம்பியையாவது கழற்றித் தரும்படி பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

அழற்சி உறுதியானால் முதல் வேலை, மூட்டுவாத மருத்துவரோடு பேசி உடல் முழுவதற்குமான மருந்தைச் சரிசெய்வது. வளரும் குழந்தையின் தாடை மூட்டில் ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவது நல்லதல்ல. மூட்டுக்குள் தேவையற்ற எலும்பு உருவாவதும், தாடை வளர்ச்சி இன்னும் குறைவதும் பதிவாகியிருக்கின்றன. மறு ஸ்கேனைக் கூடுமானவரை அதே மையத்தில், அதே முறையில் எடுங்கள். ரிப்போர்ட் தாளோடு பழைய படங்களின் சி.டி.யையும் கையோடு கொண்டுபோங்கள்.