வழங்குநர் படிவத்தில் சிக்கிய எட்டு மாதங்கள்

லாப நோக்கற்ற எங்கள் விளையாட்டுச் சங்கத்துக்குப் பன்முகத்தன்மையை மதித்து அனைவரையும் உள்ளடக்கும் கொள்கை ஒன்றை எழுதி, நிதியுதவி தரும் அமைப்பிடம் அதற்கு ஒப்புதல் பெறும் பொறுப்பு என்னிடம் வந்தது. கொள்கை ஒரே செயற்குழுக் கூட்டத்தில் நிறைவேறிவிட்டது. அதன் பிறகு எட்டு மாதம் எங்களை அலைக்கழித்தது, சீருடை தைப்பவர், வேன் அனுப்புபவர், அரங்கம் வாடகைக்கு விடுபவர் என்று வெளியிலிருந்து சங்கத்துக்குப் பொருளும் சேவையும் தரும் வழங்குநர்களைப் பற்றிய பகுதிதான்.

முதல் விண்ணப்பம், வழங்குநர்களின் உறுதிமொழிகள் இணைக்கப்படவில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அலுவலர், "எல்லாம் வழிகாட்டிக் குறிப்பிலேயே இருக்கிறது" என்றாரே தவிர, எந்தப் பக்கம், எந்தப் படிவம் என்று கடைசிவரை சொல்லவில்லை. அன்றைய நாள் வீணாயிற்று. இந்த வேலையில் இறங்குபவர்கள், விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே இணைப்புகளின் பட்டியலை எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

எங்கள் வழங்குநர்கள் பதினான்கு பேருக்கும் ஒரு பக்கப் படிவம் அனுப்பினேன். ஆறு பேர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் நான்கு பேர் எழுதியது "நாங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை" என்பது மட்டுமே. தவறு என் கேள்வியில் இருந்தது. பாகுபாடு பார்க்கிறீர்களா என்று கேட்டால் ஆம் என்று யார்தான் எழுதுவார்கள்? தையல் வேலையை வீடுகளுக்குக் கொடுத்து அனுப்புகிறீர்களா, வேலைக்குச் சேர்க்கும் குறைந்தபட்ச வயது என்ன, பெண்களுக்கெனத் தனி அளவில் வெட்டித் தைக்கிறீர்களா என்று கேட்ட இரண்டாவது படிவத்துக்குத்தான் உருப்படியான பதில்கள் கிடைத்தன. பந்து வாங்கும் நமக்கு வயதைப் பற்றிய கேள்வி எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டார். பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து தைக்கும் வேலையில் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டது வெளியே தெரிந்து, அதை ஒழிக்க 1997-இல் அட்லாண்டாவில் ஓர் ஒப்பந்தமே போட வேண்டியிருந்தது என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

சீருடையிலும் சிக்கல் வந்தது. மகளிர் அணிக்கு என்று வந்த ஜெர்சிகள், ஆண்களுக்கான சிறிய அளவுகள்தாம். தோள் தொங்கியது, இடுப்பு பிடித்தது. தலையை மூடிக்கொண்டு ஆடும் வீராங்கனை ஒருவருக்குப் பொருத்தமான தலையுறை கேட்டபோது, விதிகளில் அதற்கு இடமில்லை என்று தைப்பவர் மறுத்துவிட்டார். ஃபிஃபா 2014-இலும், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017-இலும் தலையுறையை அனுமதித்துவிட்டன. அந்த விதிகளை அச்செடுத்துக் கொடுத்த பிறகே வேலை நடந்தது. விதியை நாம் கையில் வைத்திருக்க வேண்டும். வழங்குநருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பக் கூடாது.

அரங்கத்தின் படிவத்தில் "சாய்தளம் உண்டு" என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அதை நம்பிப் பயிற்சி முகாமுக்கு ஏற்பாடு செய்தோம். போய்ப் பார்த்தால், 45 செ.மீ. உயர வாசற்படியின் மேல் ஒரு மரப்பலகையைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அளந்ததில் நீளம் 150 செ.மீ. பொதுவாகப் பின்பற்றப்படும் 1:12 சரிவின்படி, அதாவது உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம் என்ற கணக்கில், அங்கே 540 செ.மீ. இருந்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வந்திருந்த எங்கள் வீராங்கனை பலகையின் அடியில் நின்று மேலே பார்த்தார். இருவர் பின்னால் தள்ள, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ளலாம் என்று அரங்கத்தார் சொன்னபோது, "தூக்கிக்கொண்டு போவதற்கா வந்தேன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிச் சென்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "உண்டா, இல்லையா" என்று இப்போது நாங்கள் கேட்பதில்லை. உயரம், நீளம், கதவின் அகலம், கழிப்பறையின் புகைப்படம் ஆகியவற்றைக் கேட்கிறோம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. மாற்றுத்திறனாளிகள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய தையல் கூடம் சீருடைக்கு விலைப்புள்ளி அனுப்பியிருந்தது. மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு வேண்டும் என்பது எங்கள் டெண்டர் நிபந்தனை. அவர்கள் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நிராகரிப்புக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். கொள்கையில் யாரை வரவேற்பதாக எழுதினோமோ, அவர்களையே எங்கள் படிவம் வாசலில் நிறுத்தியது என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நிபந்தனையை மாற்றப் பொருளாளர் எளிதில் சம்மதிக்கவில்லை. சங்கத்தின் பணத்துக்கு அவர்தான் பொறுப்பு என்பதால் அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருந்தது. பெரிய ஆர்டரை மூன்றாகப் பிரிப்பது, கணக்குக்குப் பதிலாக மாதிரித் துணியும் முன்பு தைத்துக் கொடுத்த இடங்களின் பரிந்துரையும் பெறுவது, பணத்தைத் தொண்ணூறு நாளுக்குப் பதில் பதினைந்தாவது நாளில் கொடுப்பது என்று முடிவாயிற்று. நிபந்தனையைத் தளர்த்திவிட்டுக் பணம் கொடுக்கும் காலத்தை மட்டும் நீட்டி வைத்தால், கைமுதல் இல்லாத சிறு கூடம் நூல்கூட வாங்க முடியாது.

மூன்றாவது முறை விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அந்தத் தையல் கூடத்திடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி விலைப்புள்ளி கோரினேன். மகளிர் அணியின் ஜெர்சிகளை இப்போது அவர்கள்தாம், ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைக்கிறார்கள். வேன் மட்டும் இன்னும் உயரப் படியோடுதான் வருகிறது. ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கிறது. அடுத்த டெண்டரில் சக்கர நாற்காலியை ஏற்றும் வசதியை முதல் நிபந்தனையாக எழுதி வைத்திருக்கிறேன்.