இடுப்பு மூட்டு ஸ்கேனில் முதுகுத்தண்டைப் பற்றி வந்த ஒரு வரி

காரைக்குடியில் படிக்கும் என் மகனுக்கு 12 வயது. வலது தொடை இடுக்கில் வலி என்று நொண்டி நடந்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் பிடிபடாததால், மதுரைக்கு அழைத்துப் போய் இடுப்பு மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூட்டில் சிறிது நீர் கோத்திருந்தது. ஓய்வெடுத்ததில் அது வற்றி, நடையும் சரியாகிவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டின் அடியில், எல்5-எஸ்1 டிஸ்க்கில் (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளில் கடைசியானது) நீர்ச்சத்துக் குறைந்து ஆரம்பநிலைத் தேய்மானம் தெரிவதாக ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டின் நிம்மதியைக் குலைத்தது அந்த வரிதான்.

ஆயா (அவனுடைய பாட்டி) அவனைப் புத்தகப் பையைத் தூக்கவே விடவில்லை. உறவினர்கள் பெல்ட் போடச் சொன்னார்கள். பள்ளியிலோ மருத்துவரின் கருத்தைக் கேளாமலேயே கபடிக் குழுவிலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள். அன்று அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டது எனக்கு இன்றும் வேதனைதான்.

முதுகுத்தண்டு மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பையனைத்தான் முதலில் பார்த்தார். குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் சொன்னார்; குனிந்து தரையைத் தொடச் சொன்னார்; மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலை உயர்த்தினார்; சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தார். முதுகு வலிக்கிறதா, இரவில் வலியால் விழிக்கிறானா, காய்ச்சலோ எடைக்குறைவோ உண்டா, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே பதில்.

அதன் பிறகே படத்தை எடுத்தார். பிள்ளைகளின் டிஸ்க்கில் நடுப்பகுதி பெரும்பாலும் நீரே என்பதால் ஒருவகைப் படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். நீர் குறையக் குறையக் கறுக்கும். மேலே இருந்த டிஸ்க் பளிச்சென்று இருக்க, கடைசி டிஸ்க் மட்டும் சாம்பல் நிறத்தில் இருப்பதை அவர் விரல் வைத்துக் காட்டினார்.

பிறகு நானும் தேடிப் படித்தேன். டென்மார்க்கில் 13 வயதுப் பிள்ளைகள் 439 பேரை ஸ்கேன் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு டிஸ்க் தேய்மானத்தின் அடையாளங்கள் இருந்தன. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு, 20 வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கு அது காணப்படுவதாகச் சொல்கிறது. எனினும் டென்மார்க் ஆய்வில் சில மாற்றங்களுக்கும் கீழ்முதுகு வலிக்கும் தொடர்பு தென்பட்டது என்பதால், இத்தகைய வரியைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் முறையன்று. பிள்ளையை நேரில் பரிசோதித்தவர்தான் அந்த வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்ல முடியும்.

பெல்ட் வேண்டாம், மறு ஸ்கேனும் வேண்டாம், விளையாடட்டும் என்றார் மருத்துவர். நாள்பட்ட முதுகு வலியோ, காலில் பலக்குறைவோ வந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். இதையே பள்ளிக்கு ஒரு கடிதமாக எழுதித் தருமாறு நான் கேட்டுப் பெற்றேன். இத்தகைய ரிப்போர்ட் கையில் உள்ள பெற்றோர் இதை மறக்காமல் கேட்க வேண்டும். கடிதத்தைக் கொடுத்த பின்னர் அவனை மறுபடியும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் தேவைப்பட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, படத்தையும் சிடியையும் ரிப்போர்ட்டோடு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.